நின்றவர்களுக்குக் கொடுத்த டீ

கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டால் ஊரே திட்டும். நானும் என் வீட்டுக்காரரும் மட்டும் வாயைத் திறக்க மாட்டோம். கேட்டை ஒட்டினாற்போல் டீக்கடை வைத்துப் பிழைத்தவர்களுக்குத் திட்டுவதற்கு என்ன உரிமை இருக்கிறது? கேட் போட்டால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் ஏற்றிக்கொண்டு வரும் கூட்ஸ் வண்டிக்கு அவசரம் என்பதே தெரியாது. நிறைமாதக்காரி மாடி ஏறுவது போல நின்று நின்று வரும். அது போய்த் தொலைந்தது என்று மூச்சு விடுவதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வரும். நடுவில் கேட்டைத் தூக்க மாட்டார்கள். ஸ்கூட்டர், ஆட்டோ, தண்ணீர் லாரி, பள்ளிக்கூட வேன் எல்லாம் முட்டிக்கொண்டு நிற்கும். பொறுமையில்லாத ஆள் வண்டியைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் நுழைத்துத் தள்ளிக்கொண்டு போவான். மற்றவர்கள் இன்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்காரரின் பரம்பரையை விசாரிக்க ஆரம்பிப்பார்கள்.

மற்ற டீக்கடைகளில் ஆள் வந்து கேட்ட பிறகு டீ போடுவார்கள். என் வீட்டுக்காரர் மணிச் சத்தத்துக்குப் போடுவார். கேட் போடப் போகிறார்கள் என்று மணி அடித்ததுமே இங்கே பால் பொங்கும், டிகாஷன் இறங்கும், கிளாஸ்கள் வரிசையில் நிற்கும். கட்டை முழுக்க இறங்குவதற்குள் கம்பிக் கூடையில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு இவர் வண்டிகளுக்கு நடுவே நுழைந்திருப்பார். டீ வேண்டுமா என்று யாரையும் கேட்டதில்லை. முகத்தைப் பார்ப்பார், நீட்டுவார். வேண்டாதவர்கள் தலையை ஆட்டலாம். பெரும்பாலும் யாரும் ஆட்டியதில்லை. வெயிலில் நிற்கிறவனுக்கு ஒருவன் தானாக வந்து எதையாவது கையில் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மனசு வருமா?

கேட் தூக்கியதும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிக்கரை உதைப்பார்கள். கையிலிருக்கும் கிளாஸைத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருக்கும் சிமெண்ட் திட்டில் வைத்துவிட்டுப் பறந்துவிடுவார்கள். அதைப் பொறுக்கி எடுத்துக் கழுவுவது என் வேலை. புகை, புழுதி, ஹாரன். நகக்கண்ணில் ஊறிய தண்ணீர் காய்வதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். எனக்கு அந்தக் கடை பிடிக்கவே பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்து பிடிக்காது. கேட்டைத் தாண்டிப் போகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகளைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். எங்கேயோ வேலைக்குப் போகிறார்கள், கைப்பை வைத்திருக்கிறார்கள், நான் இவர்கள் எச்சில் கிளாஸைக் கழுவுகிறேன் என்று தோன்றும். பிளஸ் டூ பாஸ் செய்தவள் நான். ஆனால் இதை அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. அவருக்கு அந்த இடம் அப்படிப் பிடித்திருந்தது.

ஏன் பிடித்தது என்றும் எனக்குத் தெரியும். கேட் போட்ட நேரத்தில் அங்கே நடப்பது ஒரு சட்டசபை. வண்டியில் போகிறவன் பேச மாட்டான், நிறுத்தப்பட்டவன்தான் பேசுவான். கையில் டீயும் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அங்கே பேசப்படாத தொழில் இல்லை. டிரெய்லர் ஓட்டுகிறவர், இனிமேல் டிரைவர் இல்லாத வண்டி வந்துவிடும், எங்கள் பொழப்பு முடிந்தது என்பார். அவருக்குப் பக்கத்திலேயே லேப்டாப் பை மாட்டிக்கொண்டு நிற்கும் பையன், அண்ணே உங்களுக்கு முன்னால் எங்களைத்தான் அனுப்புவார்கள், நான் எழுதுகிறதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே எழுதிவிடுகிறது என்பான். ஸ்கூல் டீச்சர் ஒருத்தி, மனுசன் சாகிறவரை புதுசாக எதையாவது கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாடம் எடுப்பாள். தொழிலை மாற்றுவது என்ன சட்டையை மாற்றுவதா என்று ஒருவர் கேட்பார். சட்டை கிழிந்துபோனால் மாற்றித்தான் ஆகவேண்டும் என்று இன்னொருவர் பதில் சொல்வார். கடைசியில் எல்லாரும் ஒன்றுகூடி என் வீட்டுக்காரரைப் பார்ப்பார்கள். கொடுத்து வைத்தவர் நீங்கள், எந்த மிஷின் வந்தாலும் டீ குடிக்க மனுசன்தானே வேண்டும், உங்கள் வேலையை யாரும் தொட முடியாது என்பார்கள்.

இவர் சிரித்துக்கொண்டே காலி கிளாஸை வாங்கிக்கொள்வார். ஊரில் யார் வேலை போனாலும் தன் வேலை போகாது என்று அவரும் நம்பினார்.

அந்த வேலைக்கு அவரே குழி வெட்டினார் என்பதுதான் கூத்து. ஒருநாள் கேட் போட்டிருந்தபோது ஆம்புலன்ஸ் ஒன்று மாட்டிக்கொண்டது. அதற்கு முன்னாலும் மாட்டியிருக்கிறது. பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது. அன்றைக்கு இவர் கூடையோடு வண்டிகளுக்கு நடுவே போனபோது ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே படுத்திருந்தவரின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாளாம். இவர் பழக்கதோஷத்தில் அவள் பக்கம் டீ கிளாஸை நீட்டிவிட்டார். அவள் இவரை ஏறிட்டுப் பார்த்தாள். கூடையிலிருந்த டீ முழுவதையும் சாக்கடையில் கொட்டிவிட்டு இவர் கடைக்குத் திரும்பி வந்தார்.

மேம்பாலம் வேண்டும் என்று ஏரியாக்காரர்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்தபோது முதல் ஆளாக இவர் நின்றார். கையெழுத்து வாங்க எங்கள் கடையைவிடத் தோதான இடம் ஏது? ஜனங்கள் நிற்கிறார்கள், கடுப்பில் இருக்கிறார்கள். டீயோடு பேனாவையும் நீட்டினார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்கிறாயா என்று பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் நேராகவே கேட்டார்.

"நம்ம டீக்கோசரம் ஜனங்க சாவணுமா?" என்றார் இவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒரு மனுவில் பாலம் வந்துவிடாது. பல வருஷம் அப்படியே கிடந்து, ஒருவழியாகத் தூண் எழும்ப ஆரம்பித்தது. அந்த நாட்களில் எங்கள் வியாபாரம் இன்னும் கூடியது. பாதி ரோட்டை அடைத்திருந்ததால் ஜனங்கள் இரண்டு மடங்கு நேரம் நின்றார்கள். போதாததற்குப் பாலம் கட்டுகிற வடநாட்டு ஆட்களும் எங்களிடம்தான் குடித்தார்கள். இதையெல்லாம் பார்த்து இவர் என்ன நினைத்தாரோ, பாலம் வந்தாலும் நம் ஆட்கள் நம்மைத் தேடி வருவார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் நான் எண்ணிக்கொண்டிருந்தது வேறு. இந்தப் பாலம் மட்டும் திறக்கட்டும், எனக்கு விடுதலை என்று இருந்தேன். அவரைவிட நான்தான் அந்தப் பாலத்துக்காகக் காத்திருந்தேன்.

திறந்தார்கள். கேட் இருந்த இடத்தில் இரண்டு பக்கமும் சுவர் எழுப்பிவிட்டார்கள். ரயில் போகிறது, மணி அடிப்பதில்லை. தலைக்கு மேலே வண்டிகள் ஓடும் சத்தம் மட்டும் விடாமல் கேட்கும். இத்தனை வருஷம் எங்கள் கையில் டீ வாங்கிக் குடித்தவர்கள் எல்லாரும் எங்கள் தலைமேல்தான் போனார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் இறங்கிச் சுற்றிக்கொண்டு வந்து டீ குடிக்கமாட்டேன்.

பாலம் இறங்குகிற இடத்தில் தள்ளுவண்டி போட்டுப் பார்த்தார். பாலத்திலிருந்து இறங்குகிறவன் வேகத்தில் வருவான், அவன் ஏன் நிற்கப்போகிறான்? நின்றால் பின்னால் வருகிறவன் ஏற்றிவிடுவான். சில வாரம் வெயிலில் காய்ந்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். செல்போனில் ஆப் போட்டுக்கொண்டு பார்சல் டெலிவரி ஓட்டச் சொன்னார்கள். எண்ணூர் பக்கம் கண்டெய்னர் யார்டில் செக்யூரிட்டி வேலை இருக்கிறது என்றார்கள். பாரம் தூக்குகிற போர்க்லிப்ட் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார்களாம், வயசு தடையில்லையாம் என்றார்கள். திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்திருந்த என் பெண் தினமும் போன் போட்டு ஒரு தொழிலைச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் சரி பார்க்கலாம் என்பார். மணி அடிக்காத அந்தச் சுவருக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு வேலை கிடைத்தது. வியாசர்பாடியிலிருந்து எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி மாதவரம் பக்கத்துக் குடோன் ஒன்றுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஜனங்கள் செல்போனில் ஆர்டர் போடும் சாமானெல்லாம் அங்கே வந்து, ஊர் ஊராகப் பிரிந்து போகும். பெல்ட்டில் பார்சல் ஓடிவரும். கையிலிருக்கும் ஸ்கேனரை அதன் ஸ்டிக்கரில் காட்டினால் ஒரு பீப் சத்தம் வரும். எந்தப் பையில் போட வேண்டும் என்று சின்னத் திரையில் காட்டும். போட வேண்டியதுதான். காலையில் வேன் வந்து கூட்டிப்போகும். கழுத்தில் மாட்ட ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் என் போட்டோ, என் பெயர். இன்னார் பெண்டாட்டி என்று இல்லை, டீக்கடை அக்கா என்று இல்லை.

எனக்கு அந்த வேலை பிடித்துப்போய்விட்டது. சும்மா இல்லை, பைத்தியம் மாதிரி பிடித்துப்போனது. நாள் முழுக்க நிற்கிற வேலைதான், முதுகு விட்டுப்போகும்தான். ஆனால் கை சுத்தமாக இருந்தது. இடதும் வலதுமாக நிற்கும் பெண்கள் வாயை மூடவே மாட்டார்கள். மாமியார் கதை, சீரியல் கதை, சூப்பர்வைசர் நடக்கிற நடை என்று எதையாவது சொல்லிச் சிரிப்பு மூட்டிக்கொண்டே இருப்பார்கள். நல்ல வேகம் என்று என்னை முதல் வரிசைக்கு மாற்றினார்கள். அன்றைக்கு வேனில் வரும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். வேன் பாலத்தின் மேல் ஏறியது. கீழே எட்டிப் பார்த்தால் எங்கள் கடை கூரை தெரிந்தது, ஸ்டூலில் அவர் தெரிந்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாலம் முடிந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் நான் முகத்தை மாற்றிக்கொள்வேன். கால் வலிக்கிறது, எரிச்சலாக இருக்கிறது, வேறு வழியில்லாமல் போகிறேன் என்பேன். அவர் வெந்நீர் வைத்துக் கொடுப்பார். வேலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், என்ன வேலை, மிஷின் சொல்கிறதைக் கேட்டுக் கைகாட்டுகிற வேலை என்று அலுத்துக்கொள்வேன். தொழில் போன மனுசன் முன்னால் சந்தோஷமாக நிற்பது பாவம் என்று எனக்குப் பட்டது. அது சரிதான் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்கு நான் தேடிய பரிகாரம்தான் தப்பாகப் போய்விட்டது.

குடோனில் பேண்ட்ரி என்று ஒரு அறை. உள்ளே டீ மிஷின் இருந்தது. பட்டனை அழுத்தினால் பேப்பர் கப்பில் டீ என்ற பெயரில் ஏதோ விழும். அந்த மிஷினுக்குப் பவுடர் போட, தண்ணீர் நிரப்ப, இடத்தைத் துடைத்து வைக்க ஆள் வேண்டும் என்று சொன்னார்கள். எனக்கு உடனே இவர் ஞாபகம்தான் வந்தது. டீ வேலை, நிழல், வேன், நானும் பக்கத்திலேயே இருப்பேன். இதைவிட என்ன வேண்டும்? அவர் வேண்டாம் என்றார். மிஷின் போடுகிற டீக்கு நான் என்ன காவல்காரனா என்றார். நான் விடவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் சுவர் சம்பளம் தருமா என்று சண்டை போட்டேன். பெண்ணை விட்டும் போனில் பேசவைத்தேன். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

ஒழுங்காகத்தான் வேலை பார்த்தார். அதைச் சொல்லியாக வேண்டும். மிஷினைப் பளபளவென்று வைத்திருந்தார். அவருக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பிரேக் விட்டதும் அத்தனை பேரும் மிஷின் முன்னால் வரிசை கட்டுவார்கள். மிஷின் ஒவ்வொரு கப்பாகத் துப்பி முடிப்பதற்குள் பிரேக் முடிந்துவிடும். பாதிப் பேர் குடிக்காமலே திரும்பிப் போவார்கள். வீட்டுக்கு வந்தால் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். நிற்கிறவனுக்கு டீ கொடுக்காமல் அனுப்புவது அவர் வாழ்க்கையிலேயே நடந்ததில்லை.

பேண்ட்ரிக்குக் கண்ணாடிக் கதவு. மூடியிருந்தால் வெளிச்சத்தம் உள்ளே போகாது. அன்றைக்குத் தரையைக் கழுவிவிட்டிருந்ததால் காய்வதற்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெரிய பார்சல் ஒன்று பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. பெல்ட் நின்றுவிட்டது. நின்றால் மணி ஒன்று விட்டுவிட்டு அடிக்கும், மஞ்சள் விளக்கு சுற்றும். மெக்கானிக் வந்து பார்சலை உருவிக்கொண்டிருந்தார். நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் நின்றோம்.

திரும்பிப் பார்க்கிறேன், இவர் வருகிறார்.

கையில் எங்கள் பழைய கம்பிக் கூடை. அதை எப்போது வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. கூடை நிறையப் பேப்பர் கப்; பிரேக் நேரத்துக்கென்று மிஷினிலிருந்து முன்னதாகவே பிடித்துப் பிளாஸ்கில் வைத்திருந்த டீயாம். மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே யாரும் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். இவர் கோட்டைப் பார்க்கவே இல்லை. பார்சல் மலைக்கு நடுவே, உடம்பை ஒருக்களித்து, யார் மேலும் இடிக்காமல், அதே நடையில் வந்தார். ஒருத்தியின் முகத்தைப் பார்த்தார், நீட்டினார். அடுத்தவளைப் பார்த்தார், நீட்டினார். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். எங்கிருந்தோ கலகலப்பு வந்துவிட்டது. அக்கா, அண்ணன் சூப்பர்க்கா என்றாள் பக்கத்தில் நின்றவள். என் முன்னால் வந்தபோது எனக்கும் ஒரு கப்பை நீட்டினார். அவர் முகம் எப்படியிருந்தது என்று எழுதத் தெரியவில்லை. பாலம் திறந்த பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவே இல்லை. யோவ், உள்ளே போ என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லாமல் கப்பை வாங்கிக்கொண்டேன்.

பெல்ட் ஓட ஆரம்பித்தது. ரயில்வே கேட் மாதிரி அது மெதுவாகத் தூக்கிக்கொண்டு வழி விடாது. விளக்கு அணைந்தால் ஓடும், அவ்வளவுதான். எல்லார் கையிலும் சுடச்சுட டீ. முன்னால் பார்சல் ஓடுகிறது. கப்பை வைக்கச் சிமெண்ட் திட்டு எதுவும் கிடையாது அங்கே. பதற்றத்தில் யாரோ கப்பைப் பெல்ட் ஓரத்திலேயே வைத்துவிட்டார்கள். அது பார்சல்களோடு பயணம் போய், வளைவில் சாய்ந்து, ஏதோ கண் மாதிரி ஒரு கருவி இருக்கும், அதன்மேல் கொட்டிவிட்டது. பெல்ட் மறுபடியும் நின்றது. இந்த முறை ஒரு பெல்ட் இல்லை, எல்லாப் பெல்ட்டும் நின்றன. குடோன் முழுக்க மணி அடித்தது.

மணி அடித்தால் இவர் என்ன செய்வார்? இன்னொரு கூடை நிறைய டீயோடு வந்தார்.

இப்போது யாரும் வாங்கவில்லை. ஆபீஸ் அறையிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். நடுவில் கூடையோடு நின்றவரை எல்லாரும் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். என் வீட்டுக்காரர்தான், நான்தான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னேன். சூப்பர்வைசர் எங்கள் பெண் வயசுப் பையன். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேள்வி கேட்டிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. அவன் தணிந்த குரலில்தான் சொன்னான்.

"பெல்ட் நின்னாலும் இங்க யாரும் நிக்கக் கூடாதுண்ணே. அடுத்த வேலையப் பாக்கணும். நீங்க பேண்ட்ரிய விட்டு வெளிய வராம இருந்தா போதும்."

வேலையை விட்டு யாரும் அவரை அனுப்பவில்லை. அவர்தான் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி, அதன் நாடாவைச் சுருட்டி, அந்தப் பையன் கையில் மரியாதையாகக் கொடுத்துவிட்டு நடந்தார். வேனுக்குக் காத்திருக்காமல் பஸ் பிடித்துப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ஷிப்ட் முடிகிறவரை கை ஓடவில்லை. ஸ்கேனர் தப்புத் தப்பாகக் கத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்குப் போனபோது சாதம் வடித்து வைத்திருந்தார். கோபம் எதுவும் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நான்தான் உன்னை அங்கே இழுத்துக்கொண்டு போனேன், என்னைத் திட்டு என்றேன். உனக்கு என்ன வந்தது, ஏன் அப்படிக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று கேட்டும் விட்டேன். அவர் தட்டைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"மணி அட்ச்சிது. எல்லாரும் நின்னுகினு இருந்தாங்கோ. நான் இன்னா பண்ணுவேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரிடம் சொல்லாமல் பல வருஷம் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த அழுகையில் இருந்தது. பாலம் வரட்டும் என்று சாமி கும்பிட்டவள் நான். அவரை ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, என் மனசை ஆற்றிக்கொள்ளப் பார்த்தவள் நான். நான் வேலையை விட்டுவிடுகிறேன் என்றேன். ராயபுரம் பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் எப்போதும் ஜனங்கள் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள், அங்கே போய் வண்டி போடலாம், நான் கிளாஸ் கழுவுகிறேன், பழைய மாதிரி இருக்கலாம் என்றேன். சத்தியமாக மனசோடுதான் சொன்னேன். எனக்கு அந்தக் குடோன் வேலை ஒன்றும் அப்படிப் பெரிதில்லை, கால்தான் வலிக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு மே பொய் சொல்ற? அந்தக் கண்ணாடிக் கதவாண்ட நின்னுகினு நான் டெய்லி உன்னத்தான் பாத்துகினு கெடந்தேன். அந்தப் பொண்ணுங்களோட நீ அப்டி சிரிச்சிகினு இருந்த. நம்ம கடையில இத்தினி வர்சத்துல ஒரு நாளு நீ அப்டி சிரிச்சி நான் பாத்ததில்ல."

சொல்லிவிட்டு அவர் மோர் ஊற்றிக்கொண்டார். அப்படியெல்லாம் இல்லைய்யா, கடையிலும் எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஏதாவது ஒரு நாளைச் சொல்வதற்காக மனசுக்குள் தேடினேன். தேடிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அவர் தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் வேன் வந்தது, போனேன். வேலையை விட வேண்டாம் என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். அவர் இன்னும் வேறு வேலைக்குப் போகவில்லை; நானும் இப்போதெல்லாம் யோசனை சொல்வதில்லை. வீட்டுக்குள் நுழையும்போது முகத்தை மாற்றிக்கொள்வதையும் விட்டுவிட்டேன், அதற்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது. குடோனில் அந்தப் பெண்கள் எப்போதும்போல எதையாவது சொல்லுகிறார்கள். எனக்குச் சிரிப்பு வருகிறது, சிரிக்கிறேன். சிரித்து முடிக்கும்போது என்னை அறியாமல் தலை பேண்ட்ரிக் கதவுப் பக்கம் திரும்பிவிடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால் மிஷின் மட்டும் நிற்கிறது.